இரண்டு இழுப்பில் கிளம்ப வேண்டும்

ஓசூரில் படகு மோட்டாருக்கு என்ன வேலை என்று கேட்காதவர்கள் எங்கள் லைன் வீட்டில் ஒருவரும் இல்லை. கடலுக்கு இங்கிருந்து ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். பக்கத்து ஆற்றில் தண்ணீரைவிட நுரைதான் அதிகம். அப்படிப்பட்ட ஊரில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தண்ணீர் நிரப்பிய பெரிய பிளாஸ்டிக் டிரம்மின் விளிம்பைக் கவ்விக்கொண்டு ஒரு பழைய படகு மோட்டார் மூன்று வாரம் நின்றது. மேலே பானை அளவுக்கு இன்ஜின், கீழே நீளமாக ஒற்றைக் கால், கால் நுனியில் விசிறி. படகின் பின்பலகையில் மாட்டி, தலையிலிருக்கும் கயிற்றை இழுத்தால் ஓட வேண்டும். என்னைவிட வயதில் மூத்தது என்று விற்றவர் சொன்னார். எனக்கே நாற்பத்தெட்டு.

வாங்கி வந்தது என் கணவர். அவருடைய அண்ணனுக்காக. நான் மாமா என்று கூப்பிடுவேன். மாமா பாரூர் ஏரியில் மீன் பிடிப்பவர். கல்யாணம் கில்யாணம் எதுவும் வேண்டாமென்று இருந்துவிட்ட மனிதர். ஒரு சின்னப் படகு, இரண்டு வலை, கரையோரம் ஒரு ஓட்டு வீடு, அவ்வளவுதான் அவர் உலகம். அந்தப் படகில் துடுப்புப் போட்டுத்தான் தம்பியை ஐ.டி.ஐ. படிக்க வைத்தார். போன மழைக்காலத்தில் கரைச் சரிவில் வழுக்கி விழுந்தவருக்கு வலது தோளில் ஆபரேஷன் செய்ய வேண்டியதாகிவிட்டது. இனிமேல் துடுப்பைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்னபோது மாமா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்து, "ஏரில தண்ணி எவ்ளோ நிக்குதுன்னு யாராச்சும் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

அந்த ஏரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு படகுக்கு ஒரே ஆள். மீன்பிடி தொடங்குகிற முதல் நாள் காலையில் அவரவர் படகை அவரவரே எடுத்து நடு ஏரிவரை போய்த் திரும்ப வேண்டும். போகாதவருடைய முறை, வரிசையில் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். சண்டை, கெடுபிடி எதுவும் கிடையாது. வருத்தப்பட்டுக்கொண்டேதான் எடுத்துக்கொள்வார்கள், ஆனாலும் எடுத்துக்கொள்வார்கள். ஏரிக்குள் போகாத மாமாவை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பொழுது விடிந்தால் எங்கே போவார், யாரிடம் பேசுவார்?

அதனால்தான் மோட்டார். கிருஷ்ணகிரியில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் பாயிடம் அது கிடந்தது. கர்நாடகப் பக்கம் ஏதோ அணையிலிருந்து வந்த சாமான்களோடு வந்ததாம். "ஓடும்மா, நீங்க மனசு வெச்சா ஓடும்" என்று பாய் என்னைப் பார்த்துச் சொன்னார். என் கணவர் மனசு வைப்பதில் குறை வைக்கிறவர் அல்ல என்பது பாய்க்கு அப்போது தெரியாது.

வாங்கிய அன்றே மாமாவுக்குப் போன் போட்டோம். மாமா, "தம்பி, கவுறு இழுத்துத்தான கெளப்பணும்? எடது கையால ரெண்டு இழு இழுப்பன். மூணாவதுக்கு ஆவாது, நெஞ்சு வரைக்கும் சுளீர்னு வாங்குது" என்றார். ஆக, எங்களுக்குக் கிடைத்த கணக்கு அதுதான். அந்தக் கிழட்டு மோட்டார் இரண்டே இழுப்பில் கிளம்ப வேண்டும்.

எங்கள் இரண்டு பேரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் பைக்குகளுக்குக் காயில் சுற்றுகிற கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்கிறேன். தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றி, ஒவ்வொன்றையும் டெஸ்டரில் வைத்துப் பார்த்து அனுப்புவோம். அவர் இன்னொரு கம்பெனியில் பெயின்ட் ஷாப். சாமான்கள் கொக்கியில் தொங்கியபடி வரிசையாக வரும், இவர் ஸ்பிரே கன்னைப் பிடித்து அடிப்பார். பெயின்ட் விஷயத்தில் அவருக்கு இருக்கிற கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் வீட்டு கேஸ் ஸ்டாண்டு, தையல் மிஷின், மாவாட்டும் கிரைண்டரின் அடிப்பாகம் எல்லாம் கல்யாண மண்டபம் போல மின்னும். அசையாமல் இரண்டு நிமிஷம் உட்கார்ந்தால் என்னையும் அடித்துவிடுவார்.

மோட்டாரை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார். துருவைச் சுரண்டி, பெட்ரோலில் கழுவி, துணி காயப்போடுகிற கம்பியில் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டார். பைக்குக்குப் பெயின்ட் அடிக்கிற நண்பரிடம் கன்னை வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடித்தார். நல்ல அடர்நீலம். வெளியே தெரிகிற மூடிக்கு மட்டுமல்ல, மூடிக்குள்ளே, கயிறு சுற்றுகிற சக்கரத்துக்கு அடியில், யார் கண்ணிலும் படாத தகடுகளுக்கும் முன்னும் பின்னும் இரண்டு கோட்டு. "உள்ள இருக்கறத யாரு பாக்கப் போறாங்க?" என்றேன். "எங்கண்ணனுக்குத் தரன். உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணா தர முடியுமா?" என்றார். அந்த நேரத்தில் அவர் மேல் எனக்கு வந்த ஆசையை எழுதினால் பிள்ளைகள் படித்துச் சிரிப்பார்கள்.

மாட்டி முடித்து, டிரம்மில் நிறுத்தி, கயிற்றை இழுத்தார். இழுத்தார், இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். இருபத்து மூன்றாவது இழுப்பில் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. லைன் வீட்டு ஜனமே கைதட்டியது. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பெட்ரோலைப் பற்றவைக்கிற பிளக்கைக் கழற்றி, அதன் இரும்பு உடம்பை இன்ஜினில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தால் நுனியில் பொறி தெரியும். பகல் வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது என்பதால் ஒரு போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே குனிந்தோம். நல்ல பொறி என்றால் நீலமாக, 'சட்' என்று சத்தத்தோடு அடிக்கும். எங்களுடையது மஞ்சளாக, சோம்பலாக, வரட்டுமா வேண்டாமா என்று வந்தது. மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மா தெலுங்குக்காரர். இறங்கி வந்தவர், போர்வைக்குள் அசைகிற இரண்டு தலைகளைப் பார்த்து, "ஏமய்யிந்தி? எவரிகைனா ஜுரமா?" என்றார். யாருக்கும் காய்ச்சல் இல்லை என்று என் கணவர் உள்ளேயிருந்தபடியே அரைகுறைத் தெலுங்கில் விளக்கினார். அந்த அம்மா நம்பின மாதிரி தெரியவில்லை.

அதற்கப்புறம்தான் உண்மையான கூத்து. அந்த மாதம் அவருக்குக் காலை ஷிப்ட், எனக்கு மதிய ஷிப்ட். அவர் வருகிறபோது நான் இருக்க மாட்டேன், நான் எழுகிறபோது அவர் இருக்க மாட்டார். போனில் பேசலாம்தான், ஆனால் கம்பெனி லைனில் நிற்கிறபோது போனுக்கு அனுமதி கிடையாது. அதனால் டிரம்மின் மேலேயே சாக்பீஸால் எழுதி வைத்துக்கொண்டோம்.

"பிளக் புதுசு போட்டாச்சு. அதே மஞ்சள்தான்."

"காயில் பாத்தாச்சு. நல்லா இருக்குது. அதுமேல கைய வெக்காதீங்க."

"பாய்ண்ட் தேச்சு கேப் வெச்சேன். பதினெட்டு இழுப்பு. சாம்பார் மேல்தட்டுல இருக்குது, சூடு பண்ணிக்க."

பாய்ண்ட் என்பது திறந்து மூடுகிற சின்ன இரட்டைப் பொட்டு, நடுவில் விடுகிற இடைவெளிதான் கேப். அது திறக்கிற கணத்தில்தான் காயிலிலிருந்து பொறி பிறக்கும். பக்கத்தில் கண்டன்சர் என்று விரல் நுனி அளவுக்கு ஒரு டப்பி. அதையும் பாயிடமிருந்தே வாங்கி மாற்றினார். பதினாறு இழுப்பு. சக்கரத்துக்குள் இருக்கிற காந்தம் வயதாகிச் செத்திருக்கும் என்று யாரோ சொல்ல, சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போய் மேக்னெட் சார்ஜ் பண்ணிக்கொண்டு வந்தார். பதினைந்து. ஒவ்வொரு நாளும் மாமா போன் செய்தால், "ஆயிடுச்சுண்ணே, கடைசி வேலை நடக்குது" என்று கூசாமல் பொய் சொல்வார். சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார், சாப்பிட மாட்டார் என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

ஏரியில் இறங்க ஒரு வாரம் இருந்தபோது, இரண்டு பேரும் வீட்டில் இருந்த ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்குள் சண்டை வந்தது.

"ஓடுதில்ல? குடுத்துடலாம். ஓட ஓட செரியாயிடும்" என்றார்.

"பதினஞ்சு இழுப்புக்கப்பறம் ஓடுது. அந்தப் பதினஞ்ச யாரு இழுக்கறது, நீங்க கூடப் போவீங்களா?"

"அப்ப காயில்தான் போயிடுச்சு. வேற என்னா பாக்கி?"

"காயில் நல்லா இருக்குது."

"உங்க கம்பெனில சுத்தற லட்சணம் எனக்குத் தெரியாதா?"

அந்தக் காயிலை எங்கள் கம்பெனி சுற்றவில்லை. நான் பிறப்பதற்கு முன்னால் எந்த நாட்டிலேயோ யாரோ சுற்றியது. ஆனாலும் என் தங்கையைத் திட்டியது போல எனக்குச் சுருக்கென்று இருந்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. டிரம்மில்கூடக் "காயில் ஓகே" என்பதற்கு மேல் ஒரு எழுத்தும் எழுதவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மாமாவின் பிழைப்பு அங்கே தொங்கிக்கொண்டிருக்க, நான் என் காயிலுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை, ஒரு கையில் டீயோடு, காயில் சோதிக்கிற மீட்டரை மறுபடியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் கம்பெனியில் காயிலைத் தனியாகத்தான் சோதிப்போம். ஒரு கிளிப் காயிலின் கம்பியில், இன்னொரு கிளிப் காயிலின் இரும்புக் கட்டையில். இருபத்திரண்டு வருஷமாக என் கைகள் வேறு விதமாகச் செய்ததில்லை. இங்கேயும் அப்படித்தான் ஒவ்வொரு தடவையும் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் சரியான அளவு வந்தது. அன்றைக்கு டீ டம்ளர் ஒரு கையில் இருந்ததால் இரும்புக் கட்டைவரை எட்டிப் போட முடியவில்லை. சோம்பேறித்தனமாக இன்ஜின் உடம்பிலேயே ஒரு இடத்தில் கிளிப்பைக் கடிக்க விட்டேன். மீட்டரில் எண்கள் தலைதெறிக்க ஓடின. ஒரு நேரம் வரும், ஒரு நேரம் ஒன்றுமே வராது. கிளிப்பைக் காயிலின் கட்டைக்கு மாற்றினேன், சமர்த்தாகச் சரியான அளவு. திரும்ப உடம்புக்கு மாற்றினேன், மறுபடி தலைகால் தெரியாத ஓட்டம்.

டீயைக் கீழே வைத்தேன்.

காயிலின் ஒரு முனை அதன் இரும்புக் கட்டை வழியாக, அது உட்கார்ந்திருக்கும் தகடு வழியாக இன்ஜின் உடம்பைத் தொட வேண்டும். அதுதான் எர்த். கண்டன்சரும் பாய்ண்ட்டும் அதே தகட்டில்தான் உட்கார்ந்திருக்கின்றன. இரும்பும் இரும்பும் ஒட்டினால்தான் கரன்ட் முழுசாகச் சுற்றி வரும். எங்கள் மோட்டாரில் இரும்பும் இரும்பும் ஒட்டவே இல்லை. நடுவில் இரண்டு கோட்டு அடர்நீலம் இருந்தது. திருகாணியின் மரையில் எங்கேயோ கொஞ்சம் உரசி, அந்த வழியாகக் கசிந்துதான் அந்த மஞ்சள் பொறி வந்துகொண்டிருந்தது.

முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே அழுகை வந்தது. இருக்கிற எல்லாத் தப்புகளிலும், மனிதர் ஆசை ஆசையாகச் செய்தது எதுவோ அதுவா தப்பாக இருக்க வேண்டும்? சாக்பீஸை எடுத்து டிரம்மில் "பெயின்ட்" என்று எழுதினேன். அழித்தேன். "காயிலுக்கு அடியில் பாருங்க" என்று எழுதினேன். அதையும் அழித்தேன். வேலை முடிந்து களைத்து வருகிற மனிதர் தனியாக நின்று அதைப் படிக்க வேண்டாம் என்று தோன்றியது. லைன் லீடருக்குப் போன் செய்து அரை நாள் லீவு சொன்னேன். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால்கூட ஷிப்டை விடாதவள் நான்.

மூன்று மணிக்கு மேல் வந்தார். வாசலில் என்னைப் பார்த்ததும், "ஏம்மே, உடம்பு செரியில்லையா?" என்று பதறினார். சண்டையெல்லாம் மறந்துபோயிருந்தது. நான் மீட்டரைக் காட்டினேன். கிளிப்பை இங்கே வைத்து ஒரு தடவை, அங்கே வைத்து ஒரு தடவை. பெயின்ட் என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லை. அவர் குனிந்து தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்கிங்" என்றார்.

அவர்கள் பெயின்ட் ஷாப்பில் சாமான் கொக்கியில் ஏறுவதற்கு முன்னால் ஒரு மேசை இருக்கிறது. அங்கே நாலைந்து பெண்கள் உட்கார்ந்து, பெயின்ட் படக் கூடாத இடங்களையெல்லாம் டேப் ஒட்டி மூடுவார்கள். மரை, பேரிங் உட்காரும் இடம், எர்த் வருகிற இடம் எல்லாம் மூடித்தான் இவர் முன்னால் வரும். இவர் வேலை, கண்ணில் படுகிற இரும்பை எல்லாம் அடிப்பது. எங்கே அடிக்கக் கூடாது என்று யோசிக்க வேண்டிய தேவை அத்தனை வருஷத்தில் ஒருநாளும் வந்ததில்லை. எங்கள் வாசலில் அந்தப் பெண்கள் இல்லை.

"நான் கெடுத்துட்டு, மூணு வாரமா மத்தவங்க மேல பழிய போட்டுக்கினு இருந்தன்" என்றார்.

"நானும்தான் மூணு வாரமா ஒரே எடத்துல கிளிப்ப வெச்சிக்கினு இருந்தன். காயில உட்டு அப்பால பாக்கவே தெரியலியே எனக்கு?" என்றேன். அது சமாதானத்துக்காகச் சொன்னதல்ல, நிஜம். காயிலுக்குள் எல்லாம் எனக்குத் தெரியும், பெயின்ட்டில் எல்லாம் அவருக்குத் தெரியும். இரண்டும் தொடுகிற இடத்தை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.

அவர் பிளேடும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். தன் கையால் அடித்த நீலத்தைத் தானே சுரண்டுவது பார்க்கச் சகிக்கவில்லை. நான் வாங்கிச் சுரண்டுகிறேன் என்றேன், தரவில்லை. காயிலின் அடி, கண்டன்சரின் அடி, பாய்ண்ட் உட்காரும் இடம், தகடு இன்ஜினில் பொருந்துகிற நான்கு மூலை. ஒவ்வொன்றிலும் வெள்ளி நிறம் தெரியும்வரை தேய்த்தார். மாட்டி முடித்துப் போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டோம். இழுத்தார். நீலமாக, 'சட்' என்று அடித்தது. போர்வைக்குள்ளேயே என் கன்னத்தைக் கிள்ளினார், கையெல்லாம் கிரீஸ். டிரம்மில் வைத்துப் பார்த்தபோது இரண்டாவது இழுப்பில் கிளம்பியது. நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தோம், ஒன்று. அதற்கப்புறம் அவர் தன் இடது கையால் இழுத்துப் பார்த்தார், இரண்டு.

ஏரியில் இறங்குவதற்கு முதல் நாள், தக்காளி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் குட்டியானை வண்டியில் மோட்டாரை ஏற்றி, காலிப் பெட்டிகளுக்கு நடுவில் நாங்களும் உட்கார்ந்து பாரூர் போய்ச் சேர்ந்தோம். மாமா மோட்டாரைத் தடவித் தடவிப் பார்த்தார். மூடியைக் கழற்றி உள்ளேயும் பார்த்தார். சுரண்டிய இடங்களைப் பார்த்து ஏன் என்று கேட்டார். என் கணவர் எதையும் மறைக்காமல் சொன்னார். மாமாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "செரி உடு, மீனுக்குத் தெரியவா போவுது?" என்றார்.

மறுநாள் காலை கரையில் நல்ல கூட்டம். மாமாவின் முறை தவறினால் யாருக்குப் போகுமோ அந்த மனிதரும் வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும், தோளில் புது வலை. ஏரியில் முறைக்காக ஐந்து வருஷமாகக் காத்திருப்பவர். அவரேதான் மோட்டாரின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கி, படகின் பின்பலகையில் வைத்து, திருகை இறுக்கிக் கொடுத்தார். "பாத்துப் போங்கண்ணே" என்றார். எனக்கு அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது, மாமாவைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

மாமா ஏறி உட்கார்ந்து, வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் கயிற்றைப் பிடித்தார். முதல் இழுப்பு. இருமிவிட்டு அடங்கியது. மாமாவின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். என் கணவர் என் கையைப் பிடித்தார். இத்தனை பேருக்கு நடுவில் அவர் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. மாமா கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, இழுத்தார்.

கிளம்பிவிட்டது. படகு ஒரு குலுங்கு குலுங்கி, கரையை விட்டு நேராக நடு ஏரிக்குப் போனது. கூட்டம் கத்தியது.

நடு ஏரியில் மோட்டார் சத்தம் நின்றுவிட்டது.

"போச்சு" என்றார் என் கணவர். முகம் வெளிறிவிட்டது. துடுப்புகூட எடுத்துக்கொள்ளாமல் போயிருந்தார் மாமா. அதற்குள் மறுபடி சத்தம் கேட்டது, படகு நகர்ந்தது. கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. மறுபடி கிளம்பியது. நான்காவது தடவை நின்றபோது, வரிசையில் காத்திருந்த அந்த மனிதர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"மோட்டார் நிக்கலிங்க. அவுரே நிறுத்தறாரு. நிறுத்தி நிறுத்திக் கெளப்பிப் பாக்கறாரு."

சூடேறிய மோட்டாருக்கு அரை இழுப்பு போதும் என்பது அங்கே, தண்ணீருக்கு நடுவில், மாமாவுக்குத் தெரிந்துபோயிருந்தது. என் கணவர் அப்படியே கரையில் உட்கார்ந்து, சட்டையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று நான் பார்க்கப் போகவில்லை. காத்திருந்த மனிதர் தன் புது வலையைத் தோளிலிருந்து இறக்கி, மடித்து, எங்கள் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"அவுரு இப்பத்திக்குக் கரைக்கு வர மாட்டாருங்க. சாப்பாடு கட்டிக்கினு வந்திருந்தா பிரிங்க, நாம சாப்பிடலாம்" என்றார்.